மாணவர் லைசன்ஸ் முடிந்ததும் எதை வாங்குவது? யாழ்ப்பாணத்து வடிவமைப்பாளர்களுக்கான ஒப்பீடு

கம்பஸில் படிக்கும்போது ஒருவரின் மடிக்கணினியில் ஓட்டோகாட், ரெவிட், ஸ்கெச்அப், போட்டோஷொப், பிக்மா என்று எல்லாமே இருக்கும். காசு பெரிதாக ஒன்றும் போயிராது. படிப்பு முடிந்து திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ மேசை போட்டு வீட்டுப் படம் கீறத் தொடங்கியதும், அல்லது அச்சகம் ஒன்றுக்குக் கல்வெட்டும் (இறந்தவருக்கான நினைவு மலர்) கலியாண அல்பமும் வடிவமைக்கத் தொடங்கியதும், அதே பட்டியலைக் காசு கொடுத்து வாங்கப் போனால் முதல் வருட உழைப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அத்தனையையும் வாங்கத் தேவையும் இல்லை. உங்களிடமிருந்து கோப்பை வாங்குபவர் அதை எந்த வடிவத்தில் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். அதற்கு அவசியமான ஒன்றை, மிஞ்சினால் இரண்டை வாங்குங்கள். மீதியை இலவசமாகவோ ஒருமுறைக் கட்டணத்திலோ கிடைக்கும் மென்பொருளுக்கு மாற்றிவிடலாம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மாணவர் லைசன்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இல்லை

எல்லா மாணவர் உரிமங்களும் ஒரே நாளில் செத்துவிடும் என்று நினைத்துப் பலர் அவசரப்படுகிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு.

மிகக் கண்டிப்பானது, படம் கீறும் ஓட்டோகாட்டையும் கட்டட மாதிரி அமைக்கும் ரெவிட்டையும் வெளியிடும் ஓட்டோடெஸ்க். அதன் கல்வி அனுமதி ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். மாணவராக இருக்கும் வரை வருடாவருடம் புதுப்பிக்கலாம். படிக்க, படிப்பிக்க, ஆய்வு செய்ய மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மாணவராக இருக்கும்போதே மாமாவின் வீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு படம் கீறினாலும் அது விதிமீறல்தான். பழைய ஓட்டோகாட் பதிப்புகளில் மாணவர் பதிப்பில் செய்த படத்தை அச்சிட்டால் தாளின் ஓரங்களில் ‘மாணவர் பதிப்பு’ என்ற முத்திரை விழும். பிற்காலப் பதிப்புகளோ கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கை காட்டும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த அடையாளம் தொற்றும் என்பதுதான். மாணவர் கோப்பிலிருந்து ஒரு கதவு பிளொக்கை (திரும்பத் திரும்பப் பாவிக்கும் படத்துண்டு) எடுத்து வணிக உரிமத்தில் செய்த படத்தில் ஒட்டினால் அந்தப் படத்துக்கும் அடையாளம் வந்துவிடும். ஆர்க்கிகாட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் இது இன்னும் கடுமை: கல்விப் பதிப்புக் கோப்பொன்றைத் திறந்தாலே வணிக மென்பொருள் கல்வி முறைக்கு மாறிவிடும்.

முப்பரிமாண மென்பொருளான ரைனோ இதற்கு நேரெதிர். அதன் மாணவர் உரிமத்துக்குக் காலக்கெடு இல்லை, படிப்பு முடிந்த பிறகும் வைத்திருக்கலாம், அதைக்கொண்டு சம்பளத்துக்கு வேலையும் செய்யலாம். ரைனோ 8 வணிக உரிமம் 995 டொலர். மாணவர் உரிமம் 195 டொலர். ஆகவே முப்பரிமாண வேலை செய்ய நினைப்பவர் மாணவர் அட்டை செல்லுபடியாகும் கடைசி மாதத்துக்குள் இதை வாங்கிவிட வேண்டும். பிறகு அந்த விலை கிடைக்காது. வாங்கும் விடயத்தில் உண்மையிலேயே அவசரப்பட வேண்டியது இது ஒன்றுதான்.

அடோபி இரண்டுக்கும் நடுவில். தனிநபராக வாங்கிய மாணவர் சந்தாவில் வணிக வேலை செய்ய அடோபி அனுமதிக்கிறது. கழிவு விலைதான் மாணவருக்கு உரியது, தகுதி போனதும் அது போய்விடும். பல்கலைக்கழகம் வழங்கிய கணக்கு வேறு விடயம். அது நிறுவனத்தின் சொத்து. உங்கள் மின்னஞ்சலை மூடும் நாளில் அதுவும் மூடப்படும்.

உடைத்த பிரதியைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்ற யோசனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமை மீறிய கணினி நிரல் என்று தெரிந்தே வணிக இலாபத்துக்காக அதைப் பயன்படுத்துவது குற்றம். ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டோகாட்டின் மலிவான இருபரிமாணப் பதிப்பான எல்.டி.யின் ஒரு வருடச் சந்தாவைப் போல மூன்று மடங்குக்கு மேல் அந்தத் தண்டம் போகலாம்.

வீட்டுப் படம் கீறுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படம் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அனுமதிக்குப் போகும், வங்கிக் கடனுக்குப் போகும், மேசனிடமும் ஒப்பந்தக்காரரிடமும் போகும். இங்கெல்லாம் அச்சிட்ட தாளோ பி.டி.எஃப். கோப்போதான் வேண்டும். அதை எந்த மென்பொருளில் கீறினீர்கள் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. கட்டமைப்புப் பொறியியலாளர், அளவைக் கணிப்பாளர், கொழும்பு அலுவலகம் ஆகிய மூவரும்தான் திருத்தக்கூடிய டி.டபிள்யூ.ஜி. கோப்பை, அதாவது ஓட்டோகாட்டின் சொந்தக் கோப்பு வடிவத்தை, கேட்பார்கள். அந்தக் கோப்பைச் சுத்தமாக எழுதித் தரும் மென்பொருள் ஓட்டோகாட் மட்டுமே அல்ல.

தெரிவுகள் நான்கு. முதலாவது முழு ஓட்டோகாட்: அமெரிக்க விலைப்பட்டியலில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டொலர். இரண்டாவது ஓட்டோகாட் எல்.டி.: ஏறத்தாழ 500 டொலர். மூன்றாவது, பாவிக்கும் நாளுக்கு மட்டும் காசு போகும் ஃபிளெக்ஸ் முறை. நான்காவது பிரிக்ஸ்காட், இசட்டபிள்யூகாட், புரொஜிகாட் போன்றவை; இவற்றில் ஒருமுறை கட்டி நிரந்தரமாக வைத்திருக்கும் உரிமத்தை இன்னும் வாங்கலாம். ஓட்டோடெஸ்க் தனி மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை 2016 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. ‘ஒரே தடவையில் வாங்கிய ஓட்டோகாட்’ என்று யாரும் இப்போது புதிதாக விற்க வந்தால் சந்தேகப்படுங்கள்.

இருபரிமாணத் தரைத்தளப் படம், வெட்டுமுகம், முகப்பு, செப்ரிக் டாங்க் விபரம் என்று கீறும் ஒருவருக்கு முழு ஓட்டோகாட் வீண் செலவு. எல்.டி.யில் முப்பரிமாண உருவாக்கம் இல்லை. மற்றபடி வீட்டுப் படத்துக்கு ஒரு குறையும் இல்லை. முன்பு ஓட்டோலிஸ்ப் (வேலைகளைத் தானாகச் செய்விக்கும் சிறு நிரல்களின் மொழி) ஓடாது என்பது அதன் பெரிய குறையாக இருந்தது. 2024 பதிப்பில் அதுவும் வந்துவிட்டது. கம்பஸ் காலத்தில் சேர்த்து வைத்த லிஸ்ப் நிரல்களைக் கைவிட மனமில்லாமல் முழுப் பதிப்பை வாங்கியவர்களுக்கு இனி அந்தக் காரணமும் இல்லை.

ஃபிளெக்ஸ் முறையில் முன்கூட்டியே டோக்கன் வாங்க வேண்டும். பட்டியல் விலையில் ஒரு டோக்கன் 3 டொலர். ஓட்டோகாட்டைத் திறந்தால் 24 மணித்தியாலத்துக்கு 7 டோக்கன் போகும், அதாவது 21 டொலர். ரெவிட்டுக்கு 10 டோக்கன், 30 டொலர். முழு ஓட்டோகாட்டின் வருடச் சந்தாவை இதனால் பிரித்தால் ஏறத்தாழ 95 நாள் வருகிறது. அதற்குக் குறைவாகப் பாவிப்பவருக்கு ஃபிளெக்ஸ் மலிவு. எல்.டி.யோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிறது: 24 நாளிலேயே எல்.டி.யின் வருட விலை எரிந்துவிடும். ஆக, மாதத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் படம் கீறுபவர் எல்.டி.யைத்தான் எடுக்க வேண்டும். வருடத்தில் ஏழெட்டு நாள் மட்டும் ரெவிட் கோப்பு ஒன்றைத் திறந்து கொழும்பு அலுவலகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டியவருக்கு ஃபிளெக்ஸ் கச்சிதம். இரண்டு பொறிகள் உண்டு. டோக்கன் ஒரு வருடத்தில் காலாவதியாகும். ‘ஒரு அளவை மட்டும் பார்ப்போம்’ என்று திறந்தாலும் முழு நாளுக்குரிய டோக்கன் போகும். பார்ப்பதற்கு இலவசப் பார்வை மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நிரந்தர உரிமத்தின் பலம் விலையை விட நிச்சயத்தில் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த நேரம் சந்தா புதுப்பிக்க வேண்டியிருந்தவருக்கு அதே மென்பொருள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு விலை. நிரந்தர உரிமம் வைத்திருந்தவர் அந்த வருடம் புதுப் பதிப்பைத் தவிர்த்துவிட்டுப் பழையதிலேயே வேலையைத் தொடர முடிந்தது. டி.டபிள்யூ.ஜி. வடிவம் அடிக்கடி மாறுவதில்லை என்பதும் இதற்கு ஒத்தாசை. 2018 பதிப்பில் வந்த வடிவத்தைத்தான் அதற்குப் பின்வந்த பல பதிப்புகளும் எழுதுகின்றன.

மாற்று மென்பொருளை வாங்கும் முன் பரீட்சார்த்தப் பதிப்பில் உங்களுடைய மிக மோசமான கோப்பைத் திறந்து பாருங்கள். சுத்தமான மாதிரிக் கோப்பு எதையும் காட்டித் தராது. வெளிக்கோப்புகள் இணைத்த, டைனமிக் பிளொக் (பிடித்து இழுத்து அளவு மாற்றக்கூடிய பிளொக்) உள்ள, தமிழ் எழுத்துருவில் அறைப் பெயர் எழுதிய, அடி அங்குலத்திலும் மீற்றரிலும் அளவு குறித்த படம் ஒன்றை எடுங்கள். திறந்து, திருத்தி, சேமித்து, ஓட்டோகாட் வைத்திருக்கும் பொறியியலாளருக்கு அனுப்பித் திருப்பி வாங்குங்கள். பிழைக்கும் இடங்கள் வழக்கமாக இவை: டைனமிக் பிளொக்கின் பிடிகள் வேலை செய்யாமல் வெறும் பிளொக்காக நிற்கும், ஹட்ச்சின் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) அளவு மாறும், எழுத்துரு இல்லாமல் தமிழ் கேள்விக்குறிகளாகும், பேனாத் தடிப்புக் கோப்பு (சி.டி.பி.) இணையாததால் எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் அச்சாகும். கடைசி இரண்டும் எழுத்துருவையும் சி.டி.பி. கோப்பையும் கூடவே அனுப்பினால் தீரும். முதலாவது தீராவிட்டால் எல்.டி.யே நல்லது.

ரெவிட் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு ரெவிட்டின் விலை வருடத்துக்கு 3,000 டொலரை நெருங்கும், ரெவிட் எல்.டி. அதில் சிறு பங்கு. ஆனால் எல்.டி.யில் பலர் சேர்ந்து ஒரே கட்டட மாதிரிக் கோப்பில் வேலை செய்யும் வசதி இல்லை, வெளிச் செருகிகளும் ஓடா. தனியாக வீடு வடிவமைப்பவருக்கு இவை பெரிய இழப்பில்லை. புதிய ரெவிட்டில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சேர்ந்து வேலை செய்யும் அலுவலகம் எந்த வருடப் பதிப்பு என்று கேட்டறிந்து, அதே பதிப்பைத் தரவிறக்குங்கள்.

முப்பரிமாணப் படம் காட்டுவதற்கு

வீட்டுக்காரருக்கு, அதுவும் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து காசு அனுப்பும் வீட்டுக்காரருக்கு, முகப்பின் வண்ணப்படம் காட்டாமல் வேலை நகராது. இதற்குக் காசு கட்டத் தேவையே இல்லாத நல்ல வழி இருக்கிறது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் முற்றிலும் இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை. முப்பரிமாண மாதிரியை வண்ணப்படமாக்கும் டுவின்மோஷன் 2024 முதல் வருடாந்த வருமானம் 10 இலட்சம் டொலருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இலவசம். யாழ்ப்பாணத்துச் சிறு அலுவலகம் எதுவும் இந்த வரம்பை நெருங்கப் போவதில்லை.

ஸ்கெச்அப்பின் இணைய இலவசப் பதிப்பு சொந்தப் பாவனைக்கு மட்டும். 2017இன் பழைய இலவசப் பதிப்பான ‘ஸ்கெச்அப் மேக்’ (Make) உம் அப்படித்தான். அது பல கணினிகளில் இன்னும் இருக்கிறது, அதில் காசுக்கு வேலை செய்ய உரிமை இல்லை. புரோ பதிப்பு வருடத்துக்கு ஏறத்தாழ 400 டொலர், தாளில் படத்தை அடுக்கும் லேஅவுட்டும் சேர்ந்து வரும். எங்கள் முடிவு: எல்.டி. வாங்கும் ஒருவர் ஸ்கெச்அப் புரோவையும் சேர்த்து வாங்கத் தேவையில்லை. மாணவர் விலையில் ரைனோவை முந்தி வாங்கியிருந்தால் மாதிரி அமைக்க அது போதும், வண்ணப்படத்துக்கு டுவின்மோஷன் போதும்.

அச்சு வேலை செய்பவர்களுக்கு

இங்கே தீர்மானிப்பது தமிழ் எழுத்து. விலை அதற்குப் பிறகு.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024இல் கன்வா வாங்கியது. 2025 ஒக்ரோபரிலிருந்து அது இலவசம். கன்வா கணக்கு ஒன்று இருந்தால் போதும், வணிக வேலைக்கும் தடையில்லை. போட்டோஷொப் கோப்பைத் திறக்கும், பி.டி.எஃப். பொருத்தத்தோடு சேமித்த இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைத் திறக்கும். நூல் அடுக்கும் அடோபி மென்பொருளான இன்டிசைனின் வழக்கமான கோப்பைத் திறக்காது, ஐ.டி.எம்.எல். என்ற பரிமாற்ற வடிவத்தில் ஏற்றுமதி செய்திருந்தால் மட்டுமே திறக்கும். இதைச் சந்தா முடிவதற்கு முன் செய்தாக வேண்டும். முடிந்த பிறகு பழைய கல்வெட்டுக் கோப்புகளைத் திறக்க மறுபடி ஒரு மாதச் சந்தா கட்ட நேரிடும்.

எந்த மென்பொருளானாலும் மாறும் முன் மூன்று ஊர்ப்பெயர்களை யூனிகோடில் தட்டுங்கள்: கொக்குவில், கோப்பாய், தெல்லிப்பழை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் சரியாக வந்து நிற்கின்றனவா, காலும் உரிய இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கொம்பு பின்னால் போய் நின்றாலோ புள்ளிவட்டம் தோன்றினாலோ அது தமிழ் நூலுக்கு உதவாது. பாமினியில் தட்டிச் சோதிக்கக் கூடாது. பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு, எங்கும் சரியாகவே தெரியும். ஆனால் அந்தியேட்டிக்கு மலர் அடிக்க வரும் குடும்பம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டுரைகளும் கவிதைகளும் யூனிகோடில்தான் வரும். ஒட்டியதும் உடையும் மென்பொருளை வைத்துக்கொண்டு முப்பத்தோராம் நாளுக்குள் 40 பக்கம் முடிக்க முடியாது.

இன்டிசைனிலும் இது தானாகச் சரியாவதில்லை. பந்திப் பலகத்தின் பட்டியலில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிய வேண்டும், அதை அடிப்படைப் பந்திப் பாணியிலேயே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் கொம்பு இடம்மாறும். இலவசத்தில் நூல் அடுக்கும் ஸ்கிரைபஸ் 1.6 தமிழை ஒழுங்காக அடுக்குகிறது, அச்சுக்கான நான்கு நிறப் பிரிப்பும் தருகிறது. இடைமுகம் பழக ஒரு மாதம் எடுக்கும். இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் சரியாக வரும், ஆனால் அது நான்கு நிற முறையில் இயங்குவதில்லை. பதாகைக்கு அது போதும், ஓப்செட் அட்டைக்கு வேண்டாம்.

மாதம் இரண்டு மூன்று மலர், சில அல்பம், பதாகைகள் என்று ஓடும் இடத்துக்கு அடோபியின் முழுத் தொகுப்பு தேவையா? அல்ப வேலைதான் பெரும்பங்கு என்றால் போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த புகைப்படத் திட்டம் மட்டும் எடுத்து, நூலை ஸ்கிரைபஸில் செய்யலாம். நூலே பெரும்பங்கு என்றால் இன்டிசைனைத் தனிச் சந்தாவாக எடுங்கள். இரண்டுக்கும் மேலே தேவைப்படும் போதுதான் முழுத் தொகுப்பின் விலை கட்டுப்படியாகும்.

அடோபி எழுத்துருக்கள் சந்தாவோடு போய்விடும். அச்சுக்குக் கொடுத்த பி.டி.எஃப்.பில் பதிந்தவை இருக்கும். திருத்தக்கூடிய கோப்பில் இராது. புது வேலைகளை நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் (Catamaran), முக்தா மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் தொடங்கினால் அடுத்த தடவை இந்தப் பிரச்சினை வராது.

பிக்மா பற்றி

இணையத்தள, செயலி வடிவமைப்பாளருக்குத் தெரிவு எளிது. கல்வித் திட்டம் போனதும் இலவசத் திட்டத்தில் மூன்று வடிவமைப்புக் கோப்பு வரையறைக்குள் குறுகும், தனி வரைவுகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாடிக்கையாளருடன் வேலை செய்யும் மட்டும் இது போதும். கம்பஸ் மின்னஞ்சலில் உள்ள கோப்புகளின் உரிமையைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுவதுதான் இங்கே முக்கிய வேலை. ஒவ்வொன்றையும் கணினியில் ஒரு பிரதியாகவும் இறக்கி வையுங்கள்.

காசு கட்டும் விதம்

ஒரே சந்தாவுக்கு மூன்று முகம் உண்டு: மாதத்துக்கு மாதம், வருட ஒப்பந்தம் மாதத் தவணையில், வருடத்துக்கு முழுவதும் முன்பணமாக. அடோபியில் பலர் மாட்டுவது நடுவில் உள்ளதில். மாதாமாதம் போகிறது, வேண்டாவிட்டால் நிறுத்தலாம் என்று எண்ணி எடுப்பார்கள். 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். ஓட்டோடெஸ்க்கில் ஒரு மாதச் சந்தா வருட விலையின் எட்டில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். ஆகவே வருடத்தில் எட்டு மாதத்துக்குக் குறைவாக வேலை இருந்தால் மாதச் சந்தா, மிஞ்சினால் வருடச் சந்தா.

டொலர் 300 ரூபா என்று வைத்தால் 500 டொலர் ஒன்றரை இலட்சம். கடனட்டையில் போகும்போது வங்கியின் மாற்றுவீதம் சந்தை வீதத்தை விடக் கூடும், முத்திரைத் தீர்வையும் சேரும். திட்டத்தில் இதற்கென்று கொஞ்சம் கூட்டி வையுங்கள். கொழும்பு முகவரிடம் விலைமனு எடுத்தால் ரூபாவிலேயே கட்டலாம், பற்றுச்சீட்டும் கிடைக்கும், அட்டை வரம்பு பற்றிய கவலையும் இல்லை. அந்த விலையில் 18 வீத வற் அடங்கியிருக்கிறதா, விலைமனு எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். அட்டையில் கட்டுபவர்கள் புதுப்பிப்பு நாளுக்கு ஒரு கிழமை முன்பே வரம்பையும் காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும். பணம் போகாமல் நின்றால் மென்பொருளும் நிற்கும், அது பெரும்பாலும் ஒப்படைக்கும் நாளாக இருக்கும்.

இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஓட்டோடெஸ்க் மென்பொருள் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். தீவகத்திலோ வன்னியிலோ தளத்தில் கிடந்து வேலை செய்பவர் புறப்படும் முதல்நாள் ஒருமுறை உள்நுழைந்துவிட்டுப் போவது நல்லது.

மாறும் மாதத்தில் செய்ய வேண்டியவை

மாணவர் அனுமதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்குங்கள். கம்பஸ் மின்னஞ்சலில் உள்ள எல்லாக் கணக்குகளையும் பட்டியலிட்டு, மாற்றக்கூடியவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஓட்டோடெஸ்க்குக்கு மட்டும் புதிய மின்னஞ்சலில் புதிய கணக்கு தொடங்குவது நல்லது. ஒரே கணக்கில் கல்வி உரிமமும் வணிக உரிமமும் இருந்தால் எது இயங்குகிறது என்ற குழப்பம் வரும், புது வேலையிலும் மாணவர் அடையாளம் ஏறிவிடக்கூடும்.

ஓட்டோகாட்டில் ஈ-டிரான்ஸ்மிட் கட்டளையால் ஒவ்வொரு திட்டத்தையும் வெளிக்கோப்பு, எழுத்துரு, பேனாத் தடிப்போடு பொதியாக்குங்கள். வார்ப்புருக்களையும் பிளொக் நூலகத்தையும் அப்படியே கொண்டுபோக வேண்டாம். கதவு, யன்னல், கழிப்பறைச் சாமான், தலைப்புப் பெட்டி என்று உண்மையில் பாவிப்பது முப்பது நாற்பதுதான். வணிக உரிமத்தில் வெற்றுக் கோப்பு திறந்து அவற்றைப் புதிதாகக் கீற இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளைச் செலவிட மறுத்தால் மாணவர் அடையாளம் பல வருடம் படத்துக்குப் படம் தொடர்ந்து வரும். இன்டிசைனில் பேக்கேஜ் கட்டளை, கூடவே ஐ.டி.எம்.எல். மற்றும் அச்சுத்தர பி.டி.எஃப். போட்டோஷொப்பில் அக்‌ஷன்களையும் பிரஷ்களையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். முகில் சேமிப்பில் உள்ளவற்றை வன்தட்டுக்கு இறக்குங்கள். சந்தா முடிந்ததும் இடம் சுருங்கிவிடும்.

மூன்று பேர் அலுவலகம் தொடங்குபவர்கள் மூன்று சந்தா வாங்க ஓடுகிறார்கள். ஓட்டோடெஸ்க்கும் அடோபியும் ஆளுக்கு ஒரு பெயரில் உரிமம் தருகின்றன. ஒரே கடவுச்சொல்லை மூவர் பகிர்வது விதிமீறல். ஒருவர் உள்நுழைய மற்றவர் வெளியேற்றப்படுவதும் நடக்கும். முதன்மைப் படவரைஞர் ஒருவருக்கு ஓட்டோகாட் எல்.டி., உதவியாளருக்கு நிரந்தர உரிமத்தில் பிரிக்ஸ்காட், முகப்புப் படம் செய்பவருக்குப் பிளெண்டரும் டுவின்மோஷனும் என்று பிரித்தால், வருடாவருடம் டொலரில் போவது ஒரு எல்.டி. சந்தா மட்டுமே. வெளியே போகும் எல்லா டி.டபிள்யூ.ஜி. கோப்பும் அந்த ஒரு எல்.டி. கணினியில் திறந்து, ஓடிட் கட்டளை (கோப்பின் பிழைகளைத் தேடித் திருத்துவது) ஓட்டி, 2013 வடிவத்தில் சேமித்த பிறகே அனுப்பப்பட வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதியை வைத்துவிடுங்கள். பெறுபவரிடம் 2013 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் அது திறக்கும்.